காற்று மெத்தையா, ஃபோமா, ராத்திரிக்கு ஆளா?

சித்தி மகன் மஸ்கட்டில் இருந்து கூப்பிட்டான். சித்திக்கு வயது 78. பக்கவாதம் வந்து நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள் ஆகியிருந்தது. இடக்கையும் இடக்காலும் அசையவில்லை. ‘எக்கா, படுக்கைப் புண் வந்திரும், ஏர் பெட் வாங்கிப் போடுங்கன்னு சொல்லுகாங்க. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க, பைசா பிரச்சினை இல்ல’ என்றான். ‘ராத்திரி யாருலே கூட நிக்கது?’ என்று கேட்டேன். மெத்தையைப் பற்றிக் கேட்டால் ஆளைப் பற்றிக் கேட்கிறாளே என்று அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

ஆனால் எந்த மெத்தை என்பது அந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்தது. நான்கு வருஷம் முன்னால் அப்பாவுக்காக இதே சாமான்களைத் தலைகீழ் வரிசையில் வாங்கி, பணத்தையும் விட்டு, அவர் தோலையும் காப்பாற்ற முடியாமல் போனவள் நான். தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அப்பா ஆனி மழையில் முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்தார். இடுப்போடு சேரும் இடத்தில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. சர்க்கரை ஏறியிருந்தது, சளியும் இருந்தது. அதனால் ஆபரேஷன் தள்ளிப்போனது. காலில் எடை கட்டி, அசையக்கூடாது என்று மல்லாக்கப் போட்டிருந்தார்கள். ரெக்சின் மெத்தை, அது நனையாமல் இருக்க மேலே ரப்பர் ஷீட், அதற்கு மேல் பெட்ஷீட். நாலாவது நாள் சாயங்காலம், ‘முதுவுக்குக் கீழ என்னவோ சுடுகு மக்களே’ என்றார். பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். சிவப்பாக ஒன்றும் இல்லை. வால் எலும்புக்கு மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் மட்டும் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக, ஊதா கலந்த மாதிரி இருந்தது. தொட்டால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடு, கொஞ்சம் கெட்டி. உஷ்ணம் என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். ஆறாம் நாள் தோல் உரிந்துவிட்டது.

அங்கே நான் இரண்டு தப்புச் செய்தேன். முதலாவது, சிவப்பைத் தேடியது. படங்களிலும் போஸ்டர்களிலும் காட்டுவது வெள்ளைத் தோல், அதில்தான் சிவக்கும். நம் நிறத்தில் அது கறுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், சில சமயம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, கைக்குத்தான் தெரியும். சூடு, கெட்டி, அல்லது பழுத்த பழம் மாதிரிக் கொழகொழப்பு, இந்த மூன்றில் எது இருந்தாலும் உஷார். இரண்டாவது, தேய்த்தது. ரத்தம் ஓடட்டும் என்றுதான் எல்லோரும் தேய்க்கிறோம். உள்ளே ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும் சதையை அது இன்னும் கிழிக்கும். எண்ணெய் தடவலாம், வறட்சிக்கு நல்லதுதான். எலும்பு துருத்தும் இடத்தில் அழுத்தித் தேய்க்கக்கூடாது.

நடப்பது இதுதான். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டு உருளைக்கு நடுவில் உறைந்த ரப்பர் பால் எப்படி நசுங்குமோ, அப்படி எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. மெல்லிய ரத்தக் குழாய்களை மூடிவிட சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும் என்று பாடப்புத்தகங்களில் இருக்கும். வயதானவர்களுக்கு, ரத்த அழுத்தம் குறைந்தவர்களுக்கு, அதைவிடக் குறைவே போதும். சேதம் பெரும்பாலும் எலும்பை ஒட்டி உள்ளே தொடங்குகிறது, தோல் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் மேலே நாணயம் அளவு இருப்பது திறந்து பார்த்தால் உள்ளங்கை அளவு இருக்கிறது. இன்னொன்று வழுக்கல். கஞ்சி கொடுக்கத் தலைப்பக்கம் உயர்த்திவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். ஆள் மெல்ல மெல்லக் கீழே சறுக்குவார். தோல் பெட்ஷீட்டோடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் கீழே இறங்கும், நடுவில் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். சாப்பாடு முடிந்து அரைமணி, ஒரு மணி நேரத்தில் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது இதனால்தான். மூக்கில் குழாய் போட்டவர்களுக்கு மட்டும் எவ்வளவு இறக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு வரும் என்று கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. 1962-இல் டொரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் நர்ஸ் முதியோர் வார்டுகளைப் பார்த்து முதல் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். இப்போது அதிகம் புழங்குவது பிரேடன் அளவுகோல். உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயத்துக்கு மார்க். மொத்தம் 23. 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து. ‘சிஸ்டர், அம்மாவுக்கு பிரேடன் ஸ்கோர் எவ்வளவு?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டாலே அன்றைக்குத் தோலைப் பார்த்துவிடுவார்கள்.

சரி, மெத்தைக்கு வருவோம்.

தண்ணீர் மெத்தை

நம் பக்கம் முதலில் யாராவது இரவல் தருவது இதுதான். பக்கத்து வீட்டில் யாரோ படுத்திருந்து, இப்போது பரணில் மடித்துக் கிடக்கும். விலை குறைவு, கரண்ட் வேண்டாம். அழுத்தத்தைப் பரப்பித் தரும் என்பதும் உண்மை. ஆனால் பரப்புகிறதே தவிர மாற்றுவதில்லை. ஒரே இடத்தில்தான் பாரம் நிற்கும். நிரப்பிய பிறகு கட்டிலை நகர்த்த முடியாது. கூட ஊற்றினால் கல் மாதிரி, குறைந்தால் இடுப்பு பலகையில் இடிக்கும். ஆள் உள்ளே அமிழ்ந்து கிடப்பதால் திருப்பிப் போட இரண்டு மடங்கு பலம் வேண்டும். அப்புறம் குளிர். ஐப்பசி மழையில் தண்ணீர் மெத்தையில் எலும்பும் தோலுமான ஒருவரைப் படுக்கவைத்துப் பாருங்கள், விடிய விடிய நடுங்குவார். வேறு வழியே இல்லை, ஒரு வாரம்தான் என்றால் சரி. காசு கொடுத்து வாங்க நான் சொல்ல மாட்டேன்.

காற்று மெத்தை, இரண்டு ஜாதி

கடையில் ‘ஏர் பெட்’ என்று கேட்டால் கையில் தருவது குமிழ் வகை. இட்லித் தட்டு மாதிரிக் குழி குழியாக, சின்ன பம்ப் ஒன்று கூட வரும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். இன்னொன்று குழாய் வகை. குறுக்காகத் தடித்த குழாய்கள் வரிசையாக இருக்கும். விலை அதைவிடச் சில மடங்கு. இரண்டும் வேலை செய்வது ஒரே மாதிரித்தான்: சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வரிசையில் காற்று ஏறும், அடுத்த வரிசையில் இறங்கும். உடம்பில் பாரம் தாங்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

வித்தியாசம் ஆழத்தில். குமிழ் உயரம் குறைவு. கொஞ்சம் கனத்த ஆள் என்றால் இடுப்பு குமிழை நசுக்கிக் கீழே தொட்டுவிடும். குழாய் உயரம் என்பதால் தாங்கும். ஒரு குழாய் ஓட்டையானால் அதை மட்டும் மாற்றவும் முடியும். குமிழ் மெத்தையில் ஓட்டை விழுந்தால் பஞ்சர் ஒட்டிப் பார்க்கலாம், எத்தனை நாள் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

எது வாங்கினாலும் கைச்சோதனை செய்யுங்கள். ஆள் படுத்திருக்கும்போது, காற்று மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராக உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை இருந்தும் இல்லாத மாதிரிதான். பம்பில் இருக்கும் எடைத் திருகை மாற்றி மறுபடி பாருங்கள்.

நான் செய்த கூத்து வேறு. ஏழாம் நாள் ஓடிப்போய் குமிழ் மெத்தை வாங்கிவந்தேன். அது அழுக்காகக்கூடாதே என்று மேலே ரப்பர் ஷீட். அப்பாவுக்குக் குளிருமே என்று ஒரு கம்பளி. அதன்மேல் பெட்ஷீட், அதன்மேல் நாலாக மடித்த துணி. காற்று ஏறி இறங்குவது அப்பாவுக்குத் தெரியவே இல்லை. ரவுண்ட்ஸ் வந்த ஒரு சிஸ்டர் ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, ‘ஒரே ஒரு ஷீட், அதுவும் லூசா’ என்று சொல்லிவிட்டுப் போனார். காற்று மெத்தையை வாங்கி அதைச் சாதாரண மெத்தை மாதிரியே நடத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

அடுத்தது கரண்ட். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் குமரி மாவட்டத்தில் எத்தனை கம்பம் சாய்ந்தது, எத்தனை ஊர் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஒக்கி வேண்டாம், இடவப்பாதி மழையில் ஒரு ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தாலே போதும். பம்ப் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கி ஆள் பலகையில் கிடப்பார். ஆகவே காற்று மெத்தையைச் சாதாரண மெத்தைக்கு மேலேதான் போட வேண்டும், வெறும் கட்டிலில் போடக்கூடாது. பம்ப் இழுப்பது ஒரு சின்ன எல்இடி பல்ப் அளவுக்குத்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் சொருகிவிடுங்கள்.

ஃபோம்

இதை யாரும் சொல்வதில்லை. பம்ப் இல்லை, சத்தம் இல்லை, பார்க்க வைத்தியம் மாதிரி இல்லை. ஆனால் மருத்துவ வழிகாட்டுதல்கள் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2014-இல் தந்ததில், ஆபத்து உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சம் தரமான, அடர்த்தி கூடிய ஃபோம் மெத்தை என்றுதான் இருக்கிறது. 2019-இல் வெளிவந்த ‘பிரஷர் 2’ என்ற பெரிய ஆய்வு, 2,000-க்கு மேற்பட்ட நோயாளிகளில் காற்று மாறும் மெத்தையையும் தரமான ஃபோமையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. காற்று மெத்தைக்காரர்களுக்குப் புண் சற்றுக் குறைவு, ஆனால் இதுதான் மேல் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது சிரிப்பா கோபமா தெரியவில்லை. ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, வீட்டில் தேங்காய் நாரில் செய்த கயிற்று மெத்தையும் இலவம்பஞ்சும்தான் கிடக்கிறது. கயிற்று மெத்தை இடுப்புக்கு நல்லது என்று விற்கிறார்கள். நடக்கிற ஆளுக்கு நல்லதாக இருக்கலாம், படுத்த ஆளுக்கு அது பலகை. இலவம்பஞ்சு ஒரு மாதத்தில் கட்டி தட்டிவிடும், ஈரத்தையும் விடாது.

நல்ல ஃபோம் என்றால் சோபாவுக்குப் போடும் மஞ்சள் ஸ்பாஞ்ச் கிடையாது. முழங்கையை ஊன்றி அழுத்தினால் அடிவரை போகக்கூடாது, எடுத்தால் திரும்ப எழ வேண்டும். மேலே நீட்டிக்கும் தன்மையுள்ள, தண்ணீர் இறங்காத உறை வேண்டும். குறை என்னவென்றால் சூடு. சித்திரையில் முதுகு வியர்த்துக் கொட்டும். வாங்கும் செலவு குமிழ் மெத்தையைவிட அதிகம். ஆனால் வருஷக்கணக்கில் கிடக்கும், கரண்ட் போனாலும் மெத்தை மெத்தையாகவே இருக்கும்.

இப்போது என் தீர்ப்பு. ராத்திரியில் எழுந்து திருப்பிப் போட நம்பகமான ஆள் இருந்தால் ஃபோம். அப்படி ஆள் இல்லை, அல்லது வலியாலோ எடையாலோ அடிக்கடி திருப்பவே முடியாத நோயாளி, அல்லது ஏற்கெனவே புண் வந்துவிட்டது என்றால் குழாய் வகைக் காற்று மெத்தை. குமிழ் மெத்தை ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று வாரத்துக்கு. மெலிந்த ஆளாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் நாளும் பிடிக்கும். வாடகைக்குக் கிடைக்கிறதா என்று சர்ஜிக்கல் கடைகளில் முதலில் கேளுங்கள். பாதி வீடுகளில் தேவை சில மாதம்தான்.

திருப்புவது

எந்த மெத்தையும் திருப்புவதற்கு மாற்று ஆகாது, இடைவெளியைக் கொஞ்சம் நீட்டித் தரும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு இரண்டாம் உலகப்போர் காலத்தில் முதுகெலும்பு முறிந்த சிப்பாய்களைப் பார்த்த வார்டுகளில் இருந்து வந்தது என்பார்கள். 2013-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் அடர்த்தியான ஃபோம் மெத்தை. சிலரை இரண்டு மணிக்கு ஒருமுறை, சிலரை மூன்று, சிலரை நான்கு மணிக்கு ஒருமுறை திருப்பினார்கள். புண் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று ராத்திரி தொடர்ந்து இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்தவர்களுக்குத்தான் அந்தச் செய்தியின் அருமை தெரியும்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். அவர்கள் யாருக்கும் தொடக்கத்தில் புண் இல்லை. கவனித்தது பயிற்சி பெற்ற ஆட்கள். சாதாரண வார்டு மெத்தையில் கிடப்பவருக்கு, புண் உள்ளவருக்கு, இது பொருந்தாது. அவர்களுக்குப் பழைய இரண்டு மணி நேரமே சரி. பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை, நல்ல மெத்தை இருந்தால் ராத்திரி மூன்று அல்லது நான்கு மணி நேரம் என்று நாங்கள் கடைசியில் நின்றோம். பத்து மணி, இரண்டு மணி, அப்புறம் காலையில் சர்ச் மணி அடிக்கும்போது. திருப்பும் ஒவ்வொரு முறையும் தோலைக் கையால் தடவிப் பார்ப்போம். புதிதாகச் சூடோ கெட்டியோ தட்டுப்பட்டால் அன்றைக்கே இடைவெளி குறையும்.

எப்படித் திருப்புவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முழுதாகப் பக்கவாட்டில், ஒருக்களித்துப் படுக்கவைத்தால் வால் எலும்பு தப்பிக்கும், இடுப்பு எலும்பு மாட்டிக்கொள்ளும். 30 டிகிரி போதும். மல்லாக்கக் கிடப்பவரின் முதுகுக்குப் பின்னால், தோளில் இருந்து இடுப்பு வரை நீளமாக ஒரு தலையணையைச் செருகினால் அந்தச் சாய்வு வந்துவிடும். வால் எலும்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், படுக்கையைத் தொடாமல் இருக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொரு தலையணை. குதிகாலுக்கு அடியில் தலையணை வைக்கக்கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு தாளைக் குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில் விட்டால் தடையில்லாமல் போக வேண்டும், அதுதான் அளவு.

மேலே ஏற்றிப் படுக்கவைக்கக் கக்கத்தில் கைபோட்டு இழுக்காதீர்கள். அப்பாவின் பழைய சாரம் (லுங்கி) ஒன்றை இரண்டாக மடித்து, தோளில் இருந்து தொடை வரை அடியில் விரித்துவைத்திருந்தோம். இரண்டு பக்கமும் இரண்டு பேர் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று தூக்கி நகர்த்துவோம். இழுத்தால் தோல் உரியும், தூக்கினால் உரியாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய எதையும்விட அந்தச் சாரம்தான் அதிகம் உழைத்தது.

காற்றடைத்த வளையம், டோனட் மாதிரி நடுவில் ஓட்டை, இன்னும் கடைகளில் தொங்குகிறது. வாங்க வேண்டாம். ஓட்டைக்குள் தொங்கும் தோலுக்குச் சுற்றிலும் இருந்து ரத்தம் தடைபடும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பதும் அப்படித்தான். வார்டுகளில் இன்னும் பார்க்கிறேன், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், பலன் இல்லை.

ஆள் யார் என்பதில் பெரும்பாலான வீடுகளில் ஒரு தப்புக் கணக்கு நடக்கிறது. ஹோம் நர்ஸைப் பகலுக்குப் போடுகிறார்கள், ராத்திரிக்கு வீட்டு மனுஷர். பகலில் வருவோர் போவோர் உண்டு, சாப்பாடு கொடுக்கும்போது, துடைக்கும்போது எப்படியும் ஆள் அசைவார். புண் விழுவது ராத்திரி பத்துக்கும் காலை ஆறுக்கும் நடுவில். அப்போது நாள் முழுக்க உழைத்த மருமகளோ மகனோ அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவார்கள். ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்றால் அதை ராத்திரிக்குக் கொடுங்கள். தலைமாட்டில் ஒரு நோட்டு. மணி, எந்தப் பக்கம், தோல் எப்படி, யார் திருப்பியது. எழுத வேண்டும் என்பதாலேயே திருப்புவார்கள். ஆஸ்பத்திரியிலும் இதே நோட்டு. ராத்திரி டூட்டியில் இரண்டு சிஸ்டர், வார்டு நிறைய ஆள் என்றால் நாற்பது தலையணையை மாற்றிவைக்க அவர்களால் முடியாது. கூட நிற்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டால் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை விடமாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். மகன் மஸ்கட்டில் இருந்து லீவு போட்டு வந்தாலும் வராந்தாவில்தான் படுப்பான்.

ஈரம்

நம் ஊர்க் காற்றே ஈரம். அதோடு மூத்திரம் சேர்ந்தால் தோல் ஊறிப்போகும், ஊறிய தோல் லேசான உராய்வுக்கே உரியும். டயாப்பர் நல்லதுதான், ராத்திரி ஒன்று போட்டுக் காலை வரை விட்டால் கெட்டது. வேட்டித் துணி மடித்துப் போடுவது உடனே மாற்ற ஆள் இருந்தால் மட்டும். புண்ணுக்குப் பயந்து மட்டும் மூத்திரக் குழாய் போடச் சொல்லாதீர்கள், தொற்று வேறு வழியில் வரும். வால் எலும்புப் புண் பெரிதாக இருந்து நனைந்துகொண்டே இருந்தால் டாக்டரே சொல்வார். துடைத்த பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்போ வாசலினோ மெல்லிசாக. பவுடர் வேண்டவே வேண்டாம், மடிப்பில் கட்டியாகி அரிக்கும்.

புண் வந்துவிட்டால்

தோல் உடையாத முதல் நிலைக்கு மருந்து ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் பாரம் விழாமல் இருப்பதே வைத்தியம். கவனித்தால் சில நாளில் மாறிவிடும். மேல்தோல் உரிந்த இரண்டாம் நிலைக்குத்தான் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் இருக்கிறது.

பெட்டாடின் முதலில். எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் உண்டு. கிருமியைக் கொல்லும், புதிதாக வளரும் சதையையும் சேர்த்தே வாட்டும். தொற்று உள்ள புண்ணுக்குக் கொஞ்ச நாள், டாக்டர் சொன்னால். சுத்தமான புண்ணைத் தினமும் அதில் குளிப்பாட்ட வேண்டாம். நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே. கழுவ நார்மல் சலைன் என்ற உப்புநீர் போதும். மஞ்சள், காப்பிப்பொடி, ஆன்டிபயாட்டிக் பவுடர் எல்லாம் மேலே பொருக்கு கட்டும், அடியில் சீழ் பிடிக்கும்.

தேனைப் பற்றி நம் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள், தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்காமல் இருப்பார்களா. தேனுக்குப் புண் ஆற்றும் குணம் உண்டு, மருத்துவத்துக்கென்றே கிருமி நீக்கிய தேன் டிரெஸ்ஸிங் இருக்கிறது. சமையலறைப் பாட்டிலில் இருப்பது எவ்வளவு அசலாக இருந்தாலும் கிருமி நீக்கியது அல்ல. அதைக் கஞ்சியோடு கொடுங்கள், சர்க்கரை நோய் இல்லாவிட்டால். வாழையிலை இன்னொன்று. குளிர்ச்சி, புண்ணில் ஒட்டாது. தளிர் இலையை அடியில் விரித்தால் நோயாளிக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பாரத்தை அது குறைக்காது, வியர்வையையும் உறிஞ்சாது. விரிப்பதானால் அடிக்கடி மாற்ற வேண்டும், திருப்புவதை விட்டுவிடக்கூடாது.

இரண்டாம் நிலைக்கு எனக்குப் பிடித்தது ஹைட்ரோகொலாய்டு ஒட்டு, புண்ணை மூடி ஒட்டும் ஜெல் தாள். ஒரு தாள் விலை கேட்டால் மூச்சு நிற்கும். ஆனால் பிசிறு எழாமல் ஒட்டியிருந்தால் சில நாள் அப்படியே விடலாம். தினமும் பஞ்சைப் பிய்த்து எடுக்கும் வலியும் மிச்சம், டிரெஸ்ஸிங்குக்கு வரும் ஆளின் செலவும் மிச்சம். கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. தொற்று இருந்தால் மட்டும் அதைப் போட்டு மூடக்கூடாது. சிலிக்கோன் ஃபோம் ஒட்டு என்று இன்னொன்று இருக்கிறது. அதைப் புண் வரும் முன்பே வால் எலும்பில் ஒட்டித் தடுப்புக்கும் பயன்படுத்துகிறார்கள், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கு நல்ல யோசனை. அப்பாவுக்கு அது தெரிந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

குழி விழுந்த மூன்றாம் நிலை, எலும்போ தசைநாரோ தெரியும் நான்காம் நிலை வீட்டில் பார்க்கிற விஷயம் அல்ல. செத்த சதையைச் சர்ஜன் வெட்டி எடுக்க வேண்டும். காய்ச்சல், நாற்றம், சுற்றிலும் பரவும் சூடு, ஆள் திடீரெனக் குழம்பிப் பேசுவது, இதில் ஒன்று வந்தாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ, தக்கலை அரசு மருத்துவமனைக்கோ அன்றைக்கே கிளம்புங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: குதிகாலில் காய்ந்து, கெட்டியாக, சீழ் இல்லாமல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொருக்கை யாரும் பிய்க்க வேண்டாம். அது இயற்கை போட்ட மூடி. பாரம் படாமல் வைத்து, தினமும் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களிடம் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். படுத்தவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து செய்வது அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சாப்பாடு

புண் ஆற சதை வளர வேண்டும், சதைக்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை என்பது கணக்கு. ஐம்பது கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 62-இல் இருந்து 75 கிராம். நாம் கொடுப்பது என்ன? கஞ்சித் தெளிவும் ரெண்டு ரஸ்கும். கஞ்சியோடு பயறு என்பது நம் ஊர்ச் சாப்பாடுதானே, நோய் வந்ததும் பயறை ஏன் எடுக்கிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம், நூறு கிராம் சாளை மீனில் இருபதுக்குப் பக்கம். புளியும் மிளகாயும் குறைத்து, முள் எடுத்துப் பிசைந்து கொடுத்தால் சாப்பிடுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு.

சித்திக்கு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். ஆள் மெலிவு, இடப்பக்கம் உணர்ச்சி இல்லை, பெண்கள் வார்டு, தம்பி மனைவி கையில் ஒன்றரை வயசுப் பிள்ளை. ராத்திரிக்கு ஆள் இல்லை என்பது பேசப் பேசத்தான் வெளியே வந்தது. வார்டில் கேட்டு, அன்றைக்கே வாடகைக்கு ஒரு குமிழ் மெத்தை. ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை ஒரு ஹோம் நர்ஸ் பெண், அதுவும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே. வீட்டுக்கு வந்த பிறகு குழாய் மெத்தை, இன்வெர்ட்டர் லைனில். தம்பி அனுப்பிய லிங்குகளில் ஒன்றையும் நான் திறக்கவில்லை. மெத்தைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி அந்தப் பெண்ணின் சம்பளத்துக்குப் போனது.

ஒன்பதாம் நாள் ராத்திரி, வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ‘மைனி, இது சரியா?’ என்று தம்பி மனைவி கேட்டிருந்தாள். ஹோம் நர்ஸ் அவளுக்கு அனுப்பியதாம். சித்தியின் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த சாரம், அதற்கப்பால் குதிகால். குதிகாலுக்குக் கீழே வார்டு லைட்டின் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. மணி 2.10.